நடுக்கம் நின்றால் நடுங்குங்கள்!

"வெயிலைப் பற்றி எழுதினால் நம்மவர்கள் படிப்பார்கள். குளிரைப் பற்றி எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்?" என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மார்கழி மாதத்து விடியற்காலையில் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, "அப்பப்பா, என்ன பனி!" என்று அங்கலாய்ப்பதோடு சமவெளித் தமிழனுக்கும் குளிருக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. அந்தப் பனியால் கால் விரலை இழந்தவர் நம் தெருவில் ஒருவரும் இல்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. நம் பாட்டனார் காலத்தில் பத்ரிகாசிரமத்துக்குப் புறப்படுகிறவர், திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வீட்டாரிடம் விடை பெற்றுக்கொண்டு போவார். மாதக் கணக்கில் நடந்து, படிப்படியாக மலையேறி, படிப்படியாகக் குளிரையும் பழகிக்கொள்வார். இன்றோ, ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் காவேரி ஸ்நானம் செய்த பாட்டி, வியாழக்கிழமை 3,583 மீட்டர் உயரத்தில் கேதார்நாத்தில் நிற்கிறாள். நம் பிள்ளைகள் கனடாவிலும் ஜெர்மனியிலும் படிக்கிறார்கள். நம் ஊர்ச் சிப்பாய்கள் சியாச்சின் பனிமலையில் காவல் காக்கிறார்கள். ஆகவே, குளிரால் தேகத்துக்கு உண்டாகும் கேடுகளைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்தினரும் தெரிந்துகொள்வது அவசியமாகிவிட்டது. இதை நாம் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறோம்.

முக்திநாத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம், நேபாள தேசத்திலுள்ள முக்திநாத்துக்கு யாத்திரை போயிருந்தோம். வைஷ்ணவர்கள் திருச்சாளக்கிராமம் என்று போற்றும் திவ்ய தேசம் அது. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள். பசுமுக வடிவமான குழாய்களிலிருந்து பனி உருகிய ஜலம் கொட்டிக்கொண்டே இருக்கும். முன்புறம் இரண்டு குண்டங்கள். எல்லாத் தாரைகளிலும் தலை நனைத்து, இரண்டு குண்டங்களிலும் முழுகி எழுந்து, பிறகு பெருமாளைச் சேவிப்பது யாத்திரிகர்களின் சங்கல்பம்.

நம்முடன் அத்தை வந்திருந்தார். வயது அறுபத்தெட்டு. "தலையில் ஒரு துளி தெளித்துக்கொண்டால் போதுமே, அத்தை" என்று சொல்லிப் பார்த்தோம். "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று கேட்டுவிட்டு, 108 தாரைகளின் கீழும் விடாமல் சென்றார், குண்டங்களிலும் முழுகினார். நனைந்த ஒன்பது கஜப் புடவையோடு தரிசன வரிசையில் வந்து நின்றார். அந்தக் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் கழிந்தால் காற்று பலமாக வீசத் தொடங்கிவிடும். அன்றும் வீசிற்று.

முதலில் அத்தைக்குப் பல் கிட்டி, உடம்பு உதறிற்று. வரிசையில் நின்ற எல்லோருக்குமே உதறல்தான். ஆகையால் ஒருவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பிறகு கையிலிருந்த துளசிப் பொட்டலம் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவருக்கு அதை விரலால் பற்ற முடியவில்லை. நம்மைப் பார்த்து, காலஞ்சென்ற நம் சிற்றப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். சொல்லும் குழறிற்று. "களைப்பு" என்று நினைத்தோம். அதற்குச் சிறிது நேரத்துக்கெல்லாம் உதறல் நின்றுவிட்டது. "ஏண்டா, எனக்கு இப்போ குளிரவே இல்லையே!" என்றார். நமக்கும் மனம் குளிர்ந்தது. பெருமாள் கிருபையால் குளிர் விட்டது என்றே எண்ணினோம்.

உண்மையில் அந்த நிமிஷந்தான் எல்லாவற்றிலும் அபாயமான நிமிஷம். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நமக்கு அது தெரியவில்லை.

தெரிந்தவர் நம் கோஷ்டியிலேயே ஒருவர் இருந்தார். வேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சுபேதார். அத்தை தள்ளாடி உட்காருவதைக் கண்டதும் ஓடி வந்தார். அதற்குள் ஒருவர் பாதத்தைப் பரபரவென்று தேய்க்கத் தொடங்கியிருந்தார். இன்னொருவர் பிராந்தி தேடினார். மூன்றாமவர், "எழுப்பி நடக்க வையுங்கள், சூடு பிறக்கும்" என்றார். சுபேதார் கையை உயர்த்தி, "தேய்க்காதீங்க ஐயா, நடக்க வைக்காதீங்க. முதல்லே காத்தை மறைங்க" என்றார். அந்த மூன்று சொற்களும் நம் அத்தையின் உயிரைக் காத்தன என்று இன்றும் நம்புகிறோம். அவர் செய்தது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறோம். தேகத்தில் அப்போது நடந்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

உள்ளே எரியும் அடுப்பு

நம் தேகத்தின் உள் உஷ்ணம் சுமார் 37 டிகிரி செல்ஷியஸ். பழைய கணக்கில் 98.6 டிகிரி பாரன்ஹீட். உண்ணும் உணவே விறகு. குளிர் தாக்கும்போது தேகம் ஒரு சிக்கனக் குடும்பத் தலைவனைப் போல் நடந்துகொள்கிறது. முதலில் கை, கால், காது, மூக்கு ஆகிய எல்லைப்புறங்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, இருதயம், மூளை முதலிய உள்ளுறுப்புகளுக்குச் சூட்டைச் சேமிக்கிறது. அது போதாதபோது தசைகளை உதறச் செய்து சூட்டை உண்டாக்குகிறது. இதுதான் நடுக்கம். ஆகவே, நடுக்கம் ஒரு நோயல்ல; அடுப்பு எரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

உள் உஷ்ணம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை டாக்டர்கள் 'ஹைபோதெர்மியா' என்கிறார்கள். நாம் 'தேகக் குளிர்ச்சி' என்று சொல்லலாம். 35 முதல் 32 டிகிரி வரையில் நடுக்கம் பலமாக இருக்கும், விரல்கள் சொன்னபடி கேளா, நடை தடுமாறும், பேச்சுக் குழறும், காரணமில்லாத சிடுசிடுப்பு உண்டாகும். 32-க்குக் கீழே போனால் விறகு தீர்ந்த அடுப்பைப்போல் நடுக்கம் மெல்ல அடங்குகிறது, புத்தி மயங்குகிறது, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. 28-க்குக் கீழே நினைவு தப்புகிறது. நாடி கையில் அகப்படுவதே அரிது. அந்த நிலையில் உடம்பை முரட்டுத்தனமாகப் புரட்டினால்கூட இருதயம் தாளம் தவறி நின்றுவிடக்கூடும்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. குளிரில் சாகும் தறுவாயிலிருப்பவர்களில் சிலர், "எரிகிறது, எரிகிறது" என்று சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இறுக மூடியிருந்த இரத்தக் குழாய்கள் சோர்ந்து திறந்துவிடுவதால் தோலில் பொய்யான சூடு தோன்றுவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. பனிமலையில் ஒருவர் கம்பளியைக் கழற்றினால் அவருக்குச் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே அபாயமில்லை. வயோதிகர், கைக்குழந்தை, பட்டினி விரதமிருப்பவர், மதுவருந்தியவர், நீரிழிவுக்காரர் ஆகியோர் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறார்கள். தகப்பனார் குழந்தையை முதுகில் சுமந்து மலையேறுகிறார்; அவருக்கு வேர்க்கிறது; ஆகையால் குழந்தைக்கும் சூடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார். நடப்பவர் அவர், குழந்தையோ அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது! கைக்குழந்தைக்கு நடுங்கவும் தெரியாது. வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல் துவண்டிருப்பதும், தொட்டால் நெஞ்சு சில்லென்று இருப்பதுமே அதன் முறையீடு.

உயரம், காற்று, ஈரம் ஆகிய மூன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி உஷ்ணம் குறைகிறது. காற்றோ, உடம்பைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பான காற்றுப் போர்வையைப் பறித்துக்கொண்டு போகிறது. எல்லாவற்றையும்விடக் கொடியது ஈரம். நீர், காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. ஈரப் பருத்திப் புடவை உடுத்திக் காற்றில் நிற்பது, புடவையே இல்லாமல் நிற்பதைவிடக் கெடுதல் என்றுகூடச் சொல்லலாம். பூஜ்ய டிகிரிக்குக் குளிர வேண்டும் என்பதில்லை. 10 டிகிரி குளிரில், நனைந்து, காற்றில் நிற்கும் கிழவிக்கு அதுவே போதும்.

சுபேதாரின் சிகிச்சை

இனி, சுபேதார் செய்ததைச் சொல்கிறோம். பின்னால் டாக்டர்களிடமும் விசாரித்து, அவர் செய்தவை யாவும் சரியே என்று அறிந்தோம்.

முதல் வேலை, காற்றிலிருந்து மறைப்பது. அத்தையை மெதுவாக ஒரு சத்திரத்து அறைக்குள் தூக்கிச் சென்றார்கள். தரையில் நேராகப் படுக்க வைக்கவில்லை; கீழேயிருந்தும் குளிர் ஏறும் ஆதலால் இரண்டு ஜமுக்காளங்களை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

இரண்டாவது, ஈரத்தைக் களைவது. பெண்கள் கம்பளியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, நனைந்த புடவையைக் களைந்து, உடம்பைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணிகளை உடுத்தினார்கள். இதில் கூச்சப்படலாகாது; கழற்றுவது கஷ்டமானால் ஈரத்துணியைக் கத்தரித்துவிட வேண்டும்.

மூன்றாவது, போர்த்துவது. தலை, கழுத்து உட்பட உடம்பு முழுவதையும் கம்பளியால் சுற்றி, அதற்குமேல் மழைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றினார். காற்றும் ஈரமும் உள்ளே புகாமல் அது தடுக்கும்.

நான்காவது, சூடு தருவது. எங்கே தருவது என்பதுதான் சூட்சுமம். கை கால்களுக்கு அல்ல, மார்புக்கும் அக்குளுக்கும். தண்ணீர்ப் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, கம்பளிக் காலுறைக்குள் போட்டு, அக்குள்களிலும் மார்பின் மேலும் வைத்தார். சூடான பாட்டிலை வெறுந்தோலில் வைத்தால் உணர்ச்சியற்ற தோல் வெந்துவிடும். நோயாளிக்குத் தெரியவும் தெரியாது.

கை கால்களைத் தேய்ப்பதும், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இறக்குவதும் கூடா. எல்லைப்புறத்தில் தேங்கியிருக்கும் குளிர்ந்த இரத்தம் திடீரென்று இருதயத்துக்குத் திரும்பி, உள் உஷ்ணத்தை இன்னும் இறக்கிவிடும். எழுப்பி நடக்க வைப்பதிலும் அதே அபாயம். பிராந்தி நெஞ்சில் சூடு பரவுவதுபோல் பாசாங்கு செய்து, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ள சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

முக்கால் மணி நேரம் சென்றிருக்கும். அத்தையின் உடம்பு மறுபடி கிடுகிடென்று நடுங்கத் தொடங்கியது. நாம் பதறிப்போனோம். சுபேதார் முகத்திலோ அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்புத் தோன்றிற்று. "நடுங்கட்டும், வாத்தியார் ஐயா. அடுப்பு பத்திக்கிச்சு" என்றார். அத்தை தம் பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொல்லி, தம்ளரைத் தாமே பிடிக்க முடிந்த பிறகுதான், வெல்லம் போட்ட தேநீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொன்னார். புத்தி தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றினால் அது மூச்சுக் குழாயில் போய்விடும். மாலையில் ஜீப்பில் படுக்கவைத்தபடியே ஜோம்ஸம் ஊருக்கு இறக்கி, வைத்தியரிடம் காட்டினோம்.

நடுக்கம் மட்டும் இருந்து, புத்தி தெளிவாக உள்ளவருக்கு இவ்வளவும் தேவையில்லை. உலர்ந்த உடை, தித்திப்பான சூடான பானம், ஏதாவது ஆகாரம், அரை மணி நேர ஓய்வு. அதன் பிறகு நடக்கலாம். நினைவு தப்பியவரையோ அசைக்காமல் கிடத்தியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நம் தேசத்தில் 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். மூச்சு இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் முழுவதும் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். குளிர்ந்தவரின் மூச்சும் நாடியும் அவ்வளவு மெலிதாக இருக்கும். மூச்சில்லை என்று நிச்சயமானால் மார்பை அழுத்திச் செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தொடங்க வேண்டும், எளிதில் கைவிடலாகாது.

ஏனெனில், குளிர் கொல்வது போலவே சில சமயம் காப்பாற்றியும் வைக்கிறது. 1999-ஆம் ஆண்டு நார்வே தேசத்தில் ஆன்னா பாகன்ஹோம் என்னும் இளம் டாக்டர் பனிச்சறுக்கு விளையாட்டின்போது ஓடை ஒன்றின் பனிக்கட்டிக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டார். வெளியே எடுக்க 80 நிமிஷம் ஆயிற்று. இருதயம் நின்றுவிட்டது, உள் உஷ்ணம் 13.7 டிகிரிக்கு இறங்கிவிட்டது. ஆயினும் ஆஸ்பத்திரியில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கித் திரும்பச் செலுத்தி அவரைப் பிழைக்க வைத்தார்கள். பின்னர் அந்த ஆஸ்பத்திரியிலேயே அவர் டாக்டராக வேலை பார்த்தார். சூடேற்றிப் பார்க்காமல் குளிர்ந்தவரை இறந்தவர் என்று தீர்மானிக்கக் கூடாது என்பது டாக்டர்களின் விதி.

பனிக்கடி

இதுவரை சொன்னது உடம்பு முழுவதும் குளிர்வது. விரல், காது, மூக்கு, கன்னம் ஆகியவை மட்டும் உறைந்துபோவது பனிக்கடி. கதை மிகப் பழையது. கி.மு. 401-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிரேக்கச் சேனையொன்றை ஆர்மீனியப் பனிமலை வழியே நடத்திச் சென்ற ஸெனபோன், தம் வீரர்களில் பலர் கால் விரல்களை இழந்ததை எழுதி வைத்திருக்கிறார். செருப்போடு தூங்கியவர்களுக்கு வார் சதைக்குள் பதிந்து உறைந்துவிட்டதாம். சோர்ந்து விழுந்தவர்களுக்கு ஆகாரம் கொடுத்ததும் எழுந்து நடந்தார்களாம். விறகில்லாத அடுப்பு எரியாது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா?

பனிக்கடிக்குச் செய்யும் தவறான வைத்தியத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1812-ஆம் ஆண்டு நெப்போலியனின் சேனை ருஷ்யாவிலிருந்து திரும்பி ஓடி வந்தபோது, அதன் தலைமை ரண வைத்தியர் லாரே ஒன்றைக் கண்டார். இரவில் நெருப்பின் அருகில் கைகால்களைக் காய்ச்சியவர்களின் அவயவங்கள் அழுகிப்போயின. ஆகவே, சூடு கூடாது, பனியையே எடுத்துத் தேய்க்க வேண்டும் என்றார். அவர் கண்டது பொய்யல்ல. அதிலிருந்து செய்த முடிவே தவறு. உணர்ச்சியற்ற கை நெருப்பில் வெந்ததும், இரவில் இளகிய கால் மறுநாள் நடையில் மீண்டும் உறைந்ததுமே கேட்டுக்குக் காரணம். ஆனால் பெரியவர் சொன்ன சொல்லல்லவா! நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பனிக்கடிக்குப் பனியைத் தேய்ப்பதே சாஸ்திரமாக இருந்தது. 1960-ஆம் ஆண்டை ஒட்டி, அலாஸ்காவில் வில்லியம் மில்ஸ் என்ற டாக்டர், வெதுவெதுப்பான நீரில் விரைவாகச் சூடேற்றுவதே சிறந்தது என்று தம் நோயாளிகளைக் கொண்டு எடுத்துக் காட்டினார். இன்றைய முறை அதுவே.

பனிக்கடியின் முதல் அறிகுறி சுருக்சுருக்கென்று குத்தும் வலி. அந்த நிலையில் கையை அக்குளில் வைத்துக்கொண்டாலே சரியாகிவிடும். பிறகு வலி நின்றுவிடும். மறுபடியும் அதே பாடம்: வலி நின்றால்தான் பயம்! தோல் வெளுத்தோ சாம்பல் பூத்தோ மெழுகு போலாகும். நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கும் கறுத்தவர்களுக்கும் இந்த நிறமாற்றம் சட்டென்று தெரியாது. ஆகையால் நிறத்தை மட்டும் நம்பாமல் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டைபோல் விறைத்து, தொடுவது தெரியாமலிருந்தால் அது பனிக்கடி.

சிகிச்சை இதுதான். மோதிரம், மெட்டி, கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிடுங்கள். பிறகு வீக்கம் வரும். 37 முதல் 39 டிகிரி வரை சூடுள்ள நீரில், அதாவது முழங்கையை விட்டுப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் உள்ள நீரில், அவயவத்தை முழுக வையுங்கள். நீர் ஆறிவிடும்; ஆகவே வெந்நீரை விளாவிக்கொண்டே இருக்க வேண்டும். சதை மிருதுவாகி நிறம் திரும்பும் வரையில், சுமார் அரை மணி நேரம். உணர்ச்சி திரும்பும்போது வலி கடுமையாக இருக்கும். அது நல்ல வலி. பிறகு ஒற்றித் துடைத்து, விரல்களுக்கிடையே சுத்தமான துணி வைத்து, தளர்த்தியாகக் கட்டி, உயர்த்தி வைக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். தேய்க்காதீர்கள். நெருப்பில் காய்ச்சாதீர்கள்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு. மறுபடி உறையக்கூடிய இடமானால் இளக்காதீர்கள். உறைந்த காலோடு இறங்கி நடப்பதைவிட, இளக்கிய கால் மீண்டும் உறைவது பன்மடங்கு கேடு.

விரல் கறுத்துவிட்டால் உடனே வெட்ட வேண்டுமென்று கலங்க வேண்டாம். எது பிழைக்கும், எது பிழைக்காது என்பது தெரியச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகும்; தேர்ந்த ரண வைத்தியர்கள் காத்திருக்கிறார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துகளை முதல் 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் விரல்கள் பிழைக்க இடமுண்டு. இரத்தக் குழாயை விரிக்கும் ஐலோப்ராஸ்ட் என்ற மருந்துக்கு, கடுமையான பனிக்கடிக்கென்றே 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆகையால் பனிக்கடியில் காலதாமதம் கூடாது.

உறையாத குளிரும் கேடு செய்யும்

பூஜ்ய டிகிரிக்கு மேலே இருக்கும் ஈரக் குளிரும் பாதத்தைக் கெடுக்கும். 1914-ஆம் ஆண்டு முதல் உலக யுத்தத்தில் நம் இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸ் தேசத்துக்கு அனுப்பப்பட்டுச் சேற்றுப் பதுங்கு குழிகளில் முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஈரப் பூட்ஸிலேயே நாள் கணக்கில் நின்ற காலம் அது. கால் மரத்து, வீங்கி, அழுகும் அந்த வியாதிக்குப் 'பதுங்குகுழிப் பாதம்' என்றே பெயர் ஏற்பட்டது. மருந்தைவிட ஒரு சிறு வழக்கமே அதைக் குறைத்தது: தினந்தோறும் பாதத்தை உலர்த்தி, காலுறையை மாற்றி, ஒருவர் பாதத்தை மற்றொருவர் பரிசோதிப்பது.

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்கும், வடக்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் கைகால் விரல்களில் சிவந்து, நீலம் பாரித்து, அரிக்கும் தடிப்புகள் உண்டாவதுண்டு. குளிரில் இருந்த சில மணி நேரத்துக்குப் பின் இவை தோன்றும். பயப்பட வேண்டியதில்லை. சொறியாமல், கணப்பில் நேரே காட்டாமல், உலர்ந்த கம்பளி உறையில் மெதுவாகச் சூடேற விட்டால் ஒன்றிரண்டு வாரங்களில் ஆறிவிடும். நீரிழிவுக்காரர் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அறையை மூடிக் கணப்பு வேண்டாம்

குளிருக்குப் பயந்து இன்னொரு யமனை வீட்டுக்குள் அழைப்பவர்களும் உண்டு. அறையின் கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டு, கரி அடுப்பை மூட்டிக்கொண்டு தூங்குவது. கரி புகையும்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. தலைவலி, மயக்கம், பிறகு தூக்கத்திலேயே மரணம். வட இந்தியாவில் குடும்பம் குடும்பமாக இப்படி மாண்ட செய்தி குளிர்காலந்தோறும் பத்திரிகைகளில் வருகிறது. கணப்பு மூட்டினால் ஜன்னல் திறந்திருக்கட்டும். தூங்குமுன் கணப்பை வெளியே வையுங்கள்.

மலையுயரத்தில் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். தள்ளாட்டமும் புத்தி மயக்கமும் குளிரால் மட்டுமல்ல, பிராணவாயுக் குறைவினால் மூளை வீங்குவதாலும் உண்டாகலாம். எதனால் என்று வாதம் செய்துகொண்டிராமல் நோயாளியைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

பெட்டி கட்டுமுன்

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதையுண்டார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு எடுக்கப்பட்ட கர்நாடக வீரர் ஒருவரும் டில்லி ஆஸ்பத்திரியில் காலமானார். முறையான உடையும் பயிற்சியும் பெற்ற வாலிபர்களுக்கே அந்த மலை அப்படியென்றால், ரப்பர்ச் செருப்பும் மெல்லிய சால்வையுமாகப் புறப்படும் நாம் எவ்வளவு அடக்கமாகப் போக வேண்டும்!

ஆகவே, உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பட்டு. அதன்மேல் தடித்த கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. பருத்தி நனைந்தால் உதவாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி உலர்ந்த உடையும் இரண்டு ஜோடிக் காலுறைகளும், நனையாத உறையில் கட்டி, கையோடு இருக்க வேண்டும்; தங்குமிடத்துப் பெட்டியில் அல்ல. ஏறும்போது வேர்த்துக் கொட்டுமுன் ஒரு சட்டையைக் கழற்றுங்கள்; நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள். காலணி இறுக்கமாக இருக்கலாகாது. வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். வெல்லமும் வேர்க்கடலையும் மடியில் இருக்கட்டும்.

இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரையொருவர் கவனியுங்கள். மணிக்கொரு முறை, பெயரையும் கிழமையையும் கேளுங்கள். கட்டை விரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். நாக்கு, விரல், கால் ஆகிய மூன்றில் ஒன்று தடுமாறினாலும் யாத்திரையை அங்கே நிறுத்திவிடுங்கள். குளிர்ந்தவர், "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். அவர் சொல்லை நம்பாதீர்கள். உங்கள் கண்ணை நம்புங்கள்.

சென்ற வருஷம் நம் உறவினர் குடும்பம் ஒன்று முக்திநாத்துக்குப் புறப்பட்டது. விடை பெற்றுக்கொள்ள வந்தவர்களின் பைகளை அத்தை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிச் சோதித்தார். ஒரு பையில் மாற்றுப் புடவை இல்லை. உள்ளே போய்த் தம்முடைய கம்பளிச் சால்வையையும் உலர்ந்த புடவையொன்றையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டுவந்து அதில் வைத்தார். "தாராளமா ஸ்நானம் பண்ணுங்கோ, நான் வேண்டாங்கலை. ஆனா வெளியிலே வந்ததும் இதைக் கட்டிண்டு அப்புறம் பெருமாளைச் சேவியுங்கோ. அவர் எங்கேயும் போயிட மாட்டார்" என்றார்.